கேட்டது தோள்சீலை, கொடுத்தது குப்பாயம்

தோள்சீலைப் போராட்டத்தின் கதை நம்மில் பலருக்கும் தெரியும். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று இருந்த வழக்கம், மீறியவர்கள் மேல் நடந்த அடிதடி, மிஷனெரிகள் தலையிட்டது, கடைசியில் 1859 ஜூலையில் வந்த அரசாணை. மேடையிலும் பாடப்புத்தகத்திலும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நடுவில் ஓர் இடத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அங்கே நின்று கொஞ்சம் பேச வேண்டும்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட் ஐயரின் (பாதிரியாரை ஐயர் என்பது எங்கள் சபை வழக்கம்) மனைவியும் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தாவும், சபையில் சேர்ந்த பெண்களுக்காகத் தளர்வான ஒரு சட்டையை உருவாக்கிக் கொடுத்தார்கள். குப்பாயம் என்பார்கள். திருவிதாங்கூர் அரசுக்கும் இதில் பெரிய மறுப்பு இருக்கவில்லை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளா முஸ்லிம் பெண்களும் போடுகிற மாதிரிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை மட்டும் போடாதீர்கள் என்பதுதான் அரசின் பேச்சு. 1829-ல் வந்த ஆணையும் அதையேதான் சொன்னது. பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், அதற்கு மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். கலவரம் வெடித்தது அதற்காகத்தான். சந்தையில் கிழித்தெறியப்பட்டது அந்தச் சீலைதான்.

வெறும் உடம்பை மூடுவதுதான் பிரச்சினை என்றால் குப்பாயத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே. மிஷனெரி மனைவிகளுக்கு அது நாணம் சார்ந்த விஷயம். திறந்த மார்போடு ஒரு கிறிஸ்தவப் பெண் கோயிலுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். நாடார் பெண்களுக்கோ அது மேல்சாதிப் பெண்ணுக்குச் சமமாகத் தெருவில் நடக்கும் விஷயம். 1859 அரசாணையும், எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றுதான் எழுதப்பட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. புராட்டஸ்டண்ட் மிஷனெரிப் பெண்களின் வரலாற்றில் எங்கே தொட்டாலும் எனக்கு இந்த இடைவெளி தட்டுப்படுகிறது. மனமார, தங்கள் உடல்நலத்தையே கொடுத்து, அவர்கள் நமக்கு நிறையச் செய்தார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைக் கடைசிவரை தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள்.

இதை எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு: நான் இந்தச் சபைகளுக்குள் பிறந்து வளர்ந்தவள். என் ஆச்சி மிஷன் போர்டிங்கில் படித்தார், அதனால் என் அம்மா டீச்சர் ஆனார், அதனால்தான் நான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நன்றி கெட்டவள் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். ஆனால் நன்றி சொல்வதற்காக வரலாற்றைப் பாதியாகச் சொல்ல முடியாது.

சரி, மார்த்தா மால்ட்டுக்கு வருவோம். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தவர், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், அதன் செலவுக்காக ரேந்தைப் பின்னலை, அதாவது லேஸ் பின்னலை, சொல்லிக்கொடுத்தார். மடியில் ஒரு திண்டு, அதன் மேல் மாதிரி வரைந்த தாள், தாள் முழுக்கக் குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள் இரண்டு கையிலும். கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும்போது ஊசிகளைச் சுற்றி நூல் முறுக்கிக்கொண்டே போகும். ஒரு விரற்கடை அகலப் பட்டை வளரவே நேரம் எடுக்கும், ஒரு கட்டை தவறினால் பிரித்துத் திரும்பப் போட வேண்டும். அந்தத் திண்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் அடிமைகளின் மகள்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே ரேந்தைக் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அந்த ரேந்தையை யார் வாங்கினார்கள்? இந்தியாவில் இருந்த ஐரோப்பியச் சீமாட்டிகளும் இங்கிலாந்தில் இருந்தவர்களும். தன் மார்பை மறைக்கும் துணிக்காக அடி வாங்கிய சமூகத்தின் பெண்கள், வெள்ளைக்காரப் பெண்களின் உடுப்பை அழகுபடுத்த நூல் பின்னினார்கள். இதற்கு மார்த்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவருடைய நிலையையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுடையது. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. அதாவது தன் ஊர்ச் சட்டம் தனக்குக் கொடுக்காத ஒன்றை, சொந்தச் சம்பாத்தியத்தை, மார்த்தா நாகர்கோவிலில் அடிமையின் மகளுக்குக் கிடைக்கச் செய்தார். அவருக்கு மிஷனில் தனிப் பதவியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அவர் மிஷனெரியின் மனைவி, அவ்வளவுதான். லண்டன் மிஷன் திருமணமாகாத பெண்களைத் தங்கள் பெயரிலேயே மிஷனெரிகளாக அனுப்ப ஆரம்பித்தது 1875-ல்தான்.

இதே தென் திருவிதாங்கூரில் நடந்த இன்னொரு சங்கதியை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. சார்லஸ் மீட், அதே குப்பாயம் தைத்த அம்மாளின் கணவர், மனைவி இறந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். லோயிஸ் பறையர் சமூகத்திலிருந்து கிறிஸ்தவர் ஆனவரின் மகள். மீட் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தவர், அந்த மிஷனைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். ஆனால் இந்தக் கல்யாணத்தை உடன்வேலை செய்த வெள்ளைக்கார மிஷனெரிகளால் தாங்க முடியவில்லை. அவர் மிஷனை விட்டே விலகினார், பிறகு திருவிதாங்கூர் அரசின் கல்வித்துறையில் வேலை பார்த்தார். தாழ்த்தப்பட்ட பெண்ணின் தோளில் சீலை இருக்கட்டும் என்று வாதாடிய அதே கூட்டத்தால், அவள் பங்களாவின் எஜமானியாகச் சாப்பாட்டு மேசையில் உட்காருவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. சாதியைக் கடிந்து பிரசங்கம் செய்தவர்களுக்கு நிறம் என்று வந்தபோது வாய் அடைத்துப்போனது. லோயிஸுக்குப் பதிலாக இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் இந்தப் பெண்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வி. பக்தி, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் பக்தியோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. இங்கிலாந்தில் பிரசங்க மேடை ஏற முடியாத பெண் திருநெல்வேலித் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்யலாம். அங்கே ஆண்களுக்குக் கீழே உதவியாளராக இருக்க வேண்டியவள் இங்கே பள்ளியையும் விடுதியையும் மருத்துவமனையையும் தானே நடத்தலாம். ஜெனானா, அதாவது ஆண்கள் நுழைய முடியாத அந்தப்புரம், அவர்களுக்கு ஒரு சாவியைக் கொடுத்தது: உள்ளே இருக்கும் பெண்களிடம் பெண்ணால்தான் போக முடியும், ஆகவே எங்களை அனுப்புங்கள். 1880-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷன் தனிச் சங்கமாக எழுந்தது இந்த வாதத்தின் மேல்தான். பெண் டாக்டர்கள் வந்ததும் இப்படித்தான். 1870-ல் பரேலிக்கு வந்த கிளாரா ஸ்வைன், 1900-ல் வேலூரில் வேலையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, அப்போது டாக்டர் ஆகியிருக்காத ஐடாவைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டதும், ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போனதும், மூன்று பெண்களும் இறந்ததும் வேலூர்க்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை. அதிலிருந்து 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. எத்தனை உயிர்கள் அதனால் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் தலை வணங்கத்தான் தோன்றும்.

ஆனால் அந்தச் சாவிக்கு ஒரு விலை இருந்தது, அதை நம் பெண்கள் கொடுத்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இங்கே வேலை இருக்க வேண்டுமென்றால், இங்கே இருக்கும் பெண் எப்போதும் அடைபட்டவளாக, அறியாதவளாக, தனக்குத் தானே உதவ முடியாதவளாக இருந்தாக வேண்டும். ஊருக்கு எழுதிய கடிதங்களும் மிஷன் பத்திரிகைகளும் அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தன. அதைப் பார்த்துத்தான் காசு வந்தது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் சில்லறைக் காசு உட்பட. வயலில் நாற்று நட்ட பெண், பனங்கருப்பட்டி காய்ச்சிய பெண், சந்தையில் மீன் விற்ற பெண் எல்லாம் ஜெனானாவையே பார்த்ததில்லை. அவர்களும் அந்த ஒரே படத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு சாம்ராஜ்யம் தன்னை நியாயப்படுத்த இதைவிட வசதியான படம் கிடைக்குமா?

யாழ்ப்பாணத்தில் பெயரே போனது. 1824-ல் ஹேரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முன்னோடியான பெண்கள் விடுதிப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. 1840-ல் வந்த எலிசா ஆக்னியூ சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கே தலைமையாசிரியையாக இருந்தார், ஒருமுறைகூட அமெரிக்காவுக்குத் திரும்பாமல் அந்த மண்ணிலேயே 1883-ல் இறந்தார். அப்படிப்பட்ட அர்ப்பணிப்பு. ஆனால் அந்த அமெரிக்க மிஷனின் விடுதிகளில், ஒரு பிள்ளையின் செலவைக் கடல் தாண்டி ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கமாக இருந்தது. வீட்டில் அம்மா கூப்பிட்ட பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் நியூ இங்கிலாந்தில் யாரோ ஒருவருடைய பெயர். அந்தப் பிள்ளைகளின் பேத்திகள் இன்று தங்கள் பாட்டியை ஆவணங்களில் தேடினால் கிடைப்பது பணம் அனுப்பியவர்களின் பெயர்தான்.

இப்போது திருநெல்வேலிச் சீமையில் மிஷன் இல்லம் இருக்கும் டோனாவூர். ஏமி கார்மைக்கேலைப் பற்றிப் பேசாமல் திருநெல்வேலிக்காரியான நான் இந்தக் கட்டுரையை முடித்தால் என் வீட்டிலேயே கேட்பார்கள். அயர்லாந்தில் பிறந்தவர், 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் சாகும்வரை திரும்பிப் போகாதவர். 1901-ல் பிரீனா என்ற சிறுமி கோயிலுக்கு நேர்ந்துவிடப்படுவதிலிருந்து தப்பி அவரிடம் வந்ததில் இருந்து அவருடைய வாழ்க்கையே மாறியது. சேலை கட்டினார். மிஷன் வேலையைப் பூசி மெழுகாமல் எழுதியதற்காக, இவரைத் திருப்பி அனுப்புங்கள் என்று சக மிஷனெரிகளே சொல்லும் அளவுக்குப் பகையைச் சம்பாதித்தார். ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்தப் பிள்ளை நாட்டை விட்டே கடத்தப்பட்டு சீனா வரை போய்ச் சேர்ந்தாள். வெள்ளையரின் நீதிமன்றத்துக்கே அடங்காதவர். இவரை அரசாங்கத்தின் கைக்கூலி என்று ஒரு வரியில் சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது.

ஆனாலும் பாருங்கள். கோயில்களில் நடப்பதை அறிய, கையிலும் முகத்திலும் காப்பி நிறத்தைப் பூசிக்கொண்டு சேலையில் உள்ளே போவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தாராம், கடவுள் கொடுக்கவில்லை, பழுப்புக் கண் இங்கே பயன்பட்டதாம். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டு நானும் மகிழ்ந்திருக்கிறேன். இப்போது யோசித்தால், நிறத்தை வேண்டும்போது பூசிக்கொண்டு வேண்டாதபோது கழுவிக்கொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. அவர் பக்கத்தில் நடந்த பொன்னம்மாளுக்கு அது கிடையாது.

பொன்னம்மாள்தான் எனக்கு முக்கியம். இளம் வயதில் கணவனை இழந்தவர், மாமனார் வீட்டின் கெடுபிடியில் இருந்தவர், அங்கிருந்து வெளியே வந்து ஏமியின் பெண்கள் குழுவில் சேர்ந்தவர். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பாக நடத்தியவர். 1915-ல் புற்றுநோயில் இறந்தார். நகை பற்றிய ஒரு சம்பவம் உண்டு. குழு ஊருக்குள் போனபோது ஒரு சிறுமி, நானும் பெரியவளானதும் இவர்களோடு சேருவேன், அந்த அக்காவைப் போல நகை போட்டுக்கொள்வேன் என்று சொன்னாளாம். அது பொன்னம்மாளைக் குத்தியது. காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றினார். அந்தக் காலத் திருநெல்வேலியில் நகையில்லாத பெண் என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள்: குடும்பத்தின் மானம், பெண்ணின் கையில் இருக்கும் ஒரே சொத்து, எல்லாம் அதுதான். சபைக்காரர்களே கொதித்தார்கள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அந்த வரலாற்றில் மிகத் துணிச்சலான காரியத்தைச் செய்தவர் ஒரு தமிழ்ப் பெண், அதற்கான விலையைக் கொடுத்தவரும் அவர்தான். ஆனாலும் கதை நம்மிடம் வந்து சேரும்போது ஏமியின் கதைக்குள் ஒரு பக்கமாகத்தான் வருகிறது. அந்த நிறுவனத்தில் எல்லாப் பெண்களும் சேலைதான் கட்டினார்கள், ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஊழியர்கள் சித்திகள், இந்தியப் பெண்கள் அக்காள்கள். உறவுமுறைக்குள்ளேயே நிறம் ஒரு படியைக் கட்டிவைத்திருந்தது.

மகாராஷ்டிரத்துப் பண்டித ரமாபாய் இதை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசினார். 1883-ல் இங்கிலாந்து போய் வாண்டேஜ் என்ற ஊரின் ஆங்கிலிக்கன் கன்னியர்களோடு தங்கி ஞானஸ்நானம் பெற்றவர். செல்டனம் மகளிர் கல்லூரியில் இருந்தபோது ஆண் மாணவர்களுக்கும் பாடம் எடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. இந்தியாவிலிருந்த பிஷப்புகள் தடுத்தார்கள்: ஆண்களுக்குப் பாடம் எடுத்தால் இந்தியாவில் அவருக்கு மரியாதை போய்விடுமாம். சொந்த நாட்டில் ஆண்கள் கூடிய சபைகளில் சமஸ்கிருதத்தில் பேசிப் பட்டம் வாங்கியவரிடம் இதைச் சொன்னார்கள். அவர் பணியவில்லை. தன் மனசாட்சி தன்னுடையது, அதை எந்தக் குருவிடமும் அடகு வைக்க முடியாது என்ற கருத்தில் கடிதம் கடிதமாக எழுதினார். அவருடைய ஞானத்தாயான ஜெரால்டின் சகோதரிக்கு அது கர்வமாகத் தெரிந்தது. ஒரு பெண் தன் சாதியை, குலத்தை, எல்லாவற்றையும் கேள்வி கேட்டுத் தூக்கி எறிந்தபோது பாராட்டினார்கள். அதே அறிவால் தங்களையும் கேள்வி கேட்டபோது கீழ்ப்படியச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரப் பெண் இங்கே என்னவாக இருந்தாள் என்பதை அரசு தன் வாயாலேயே சொன்னது 1919-ல். ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் மார்செல்லா ஷெர்வுட் என்ற மிஷன் பள்ளி நிர்வாகி சைக்கிளில் போகும்போது ஒரு சந்தில் கும்பல் அவரை அடித்துப் போட்டது. கொடூரம்தான். அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் காப்பாற்றியவர்கள் அங்கிருந்த இந்தியர்கள். மூன்று நாள் கழித்து ஜாலியன்வாலாபாக். அதற்கும் பிறகு ஜெனரல் டயர் போட்ட உத்தரவு: அந்தச் சந்து வழியாகப் போகும் இந்தியர் ஒவ்வொருவரும் தவழ்ந்துதான் போக வேண்டும். காப்பாற்றியவர்கள் குடியிருந்த பகுதிக்கும் அதே உத்தரவு. ஒரு பெண்ணின் காயத்தை வைத்து ஒரு நகரத்தையே மண்டியிட வைத்தார்கள். அதே பஞ்சாபில் எத்தனை இந்தியப் பெண்கள் காயப்பட்டார்கள், அவர்களுக்காக எந்தத் தெருவிலும் யாரும் தவழவில்லை.

சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்ற மிஷனெரிப் பெண்களும் இல்லாமல் இல்லை. சீனாவில் மருத்துவ மிஷனெரியாக இருந்த கேத்தரின் புஷ்னெல், தன் தோழி எலிசபெத் ஆண்ட்ரூவோடு 1890களின் தொடக்கத்தில் இந்தியாவின் ராணுவப் பாளையங்களுக்குப் போனார். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக அதிகாரிகள் மேற்பார்வையில் இந்தியப் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்ததை அம்பலப்படுத்தினார்கள். அதை மறுத்த தளபதி ராபர்ட்ஸ் 1893-ல் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்தப் பெண்களிடமே போய் உட்கார்ந்து அவர்கள் வாயால் கேட்டு எழுதினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் நம் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உடம்பையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். சபை அதிர்ந்தது. அவர் ஆண், பின்னால் பிஷப் ஆனார், பேச்சு அச்சில் ஏறியது. அதையே தினமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த, வீடு வீடாகப் போய் வேதம் சொன்ன பைபிள் உமன்களுக்கு எடின்பரோவில் இடம் ஏது? என் ஆச்சிக்கு அவருடைய மிசியம்மா, அதாவது மிஷனெரி அம்மா, மேல் அவ்வளவு பாசம். ஆச்சியின் அம்மாவுக்கு டைபாய்டு வந்தபோது மிசியம்மா குடிசைக்குள் வந்து தரையில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாராம், அதைச் சொல்லும்போதெல்லாம் ஆச்சிக்குக் கண் கலங்கும். ஒருநாள் நான், நீங்க அவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா ஆச்சி என்று கேட்டேன். பங்களாவுக்கா, வராந்தா வரைக்கும் போயிருக்கேன் என்றார். சலிப்பு எதுவும் இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டி வந்தால் மார்த்தா மால்ட்டிலிருந்துகூட ஆரம்பிக்க மாட்டேன். பாளையங்கோட்டை கிளாரிந்தாளிலிருந்து ஆரம்பிப்பேன். பிராமணக் குடும்பத்து விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர், அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி ஷ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். 1785-ல் கிளாரிந்தாள் எழுப்பிய கோயில் பிரதிஷ்டையானது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊரார் சொல்வார்கள். திருநெல்வேலிச் சபையை ஊன்றியவர் அவர். மார்த்தா நாகர்கோவிலுக்கு வருவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. அதே ஊரில் பெண்கள் கல்லூரிக்கு இருக்கும் பெயரோ சாரா டக்கர், இந்தியாவுக்கே வராத, இங்கிலாந்தில் நோயோடு இருந்தபடியே இங்குள்ள பெண்களின் கல்விக்காக உழைத்த அம்மையார். அவருக்கு அந்த மரியாதை தகும். கிளாரிந்தாளுக்கும் தகும், பொன்னம்மாளுக்கும் தகும், லோயிஸுக்கும் தகும்.

உங்கள் குடும்பத்தில் பைபிள் உமனாகவோ, மிஷன் பள்ளி வாத்தியாரம்மாவாகவோ, ரேந்தைக்காரியாகவோ யாராவது இருந்திருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: அவருக்கு வீட்டில் என்ன பெயர், ஞானஸ்நானப் பெயர் என்ன, மாதம் எவ்வளவு சம்பளம், எந்தெந்த ஊருக்கு நடந்து போனார், யார் அவரை உள்ளே உட்கார வைத்தார்கள், யார் வாசலில் நிறுத்தினார்கள். பழைய குரூப் போட்டோ இருந்தால் நடுவில் நாற்காலியில் இருக்கும் மிசியம்மாவின் பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கும். பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர்களைப் பென்சிலால் பின்பக்கம் எழுதிவையுங்கள், இடமிருந்து வலமாக.